இப்றாஹீமின் முதலெழுத்து

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் பழைய சீடி, பென் டிரைவ், மூலையில் கிடக்கும் கணினி வைத்திருப்பவர்களாவது கடைசிவரை வாசியுங்கள்.

சென்ற மாதம் நானா ஒருவர் பென் டிரைவ் ஒன்றோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருடைய வாப்பாவை எங்கள் பக்கத்தில் எல்லோரும் "பெரிய சேர்" என்றுதான் சொல்வோம். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது மன்னார்ப் பகுதியிலிருந்து வந்தவர். கற்பிட்டி வீதியோரம் கிடுகுக் கொட்டிலுக்குள் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர். ஓய்வு பெற்ற பிறகு, 2003 அளவில், கணினியில் தட்டச்சுப் பழகித் தன் ஊரை எழுத ஆரம்பித்தார். எந்த ஒழுங்கையில் யாருடைய வீடு இருந்தது, எந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர், பள்ளிவாசலில் பாங்கு சொன்னவர் யார், எந்தக் குடும்பம் எந்த முகாமுக்குப் போனது என்று வீடு வீடாக எழுதி வைத்திருக்கிறார்.

சேர் மௌத்தாகிச் சில வருடங்கள் ஆகின்றன. மகன் அந்தக் கோப்பைப் போனில் திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான். "வைரஸ் அடிச்சிருக்கு போல டீச்சர். எல்லாத்தையும் அழிச்சிட்டு மகளுக்கு ஸ்கூல் வேலைக்குக் குடுக்கலாமெண்டு இருந்தன்" என்றார்.

நான் முதல் வரியைப் பார்த்தேன். ஜே, கே, பி, ஓ, பக்கத்தில் ஓர் அரைப்புள்ளி. தட்டச்சுக் கடையில் வேலை செய்தவர்களுக்கு இது உடனே விளங்கும். அந்த ஐந்தும் சேர்ந்தால் "தமிழ்". "நானா, ஒண்டும் அழியல்ல. இது பாமினி" என்றேன்.

ஒரு திரையில் தமிழாக இருப்பது கொப்பி பண்ணி இன்னோர் இடத்தில் போட்டதும் ஏன் ஆங்கிலக் குப்பையாகிறது? ஆசிரியர் கலாசாலையில் படித்தபோது என்னுடைய ஒப்படை முன்னுரையும் மின்னஞ்சலில் இப்படித்தான் போய்ச் சேர்ந்தது. "இது என்ன பாஷை, பிள்ளை?" என்று விரிவுரையாளர் கேட்டார். அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. இந்தக் கதையை விளங்க, கொப்பி–பேஸ்ட் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

கட், பேஸ்ட் இரண்டும் கணினிக்கு முந்திய சொற்கள். பத்திரிகை, புத்தக ஆசிரியர்கள் பந்தியைக் கத்தரிக்கோலால் வெட்டி, வேறு தாளில் பசை பூசி ஒட்டுவார்கள். அதைத் திரைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் லாரி டெஸ்லர். 1973இல் அமெரிக்காவில் செரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார். டிம் மொட் என்பவரோடு சேர்ந்து 1974–75 காலத்தில் "ஜிப்சி" என்ற எழுத்துச் செயலியைச் செய்தார். யாருக்காக என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஜின் என்ற பாடப்புத்தகப் பதிப்பகத்தில் வேலை செய்த தொகுப்பாசிரியர்களுக்காக. அவர்கள் கணினி தெரிந்தவர்கள் அல்லர். கத்தரிக்கோலும் பசையும் தெரிந்தவர்கள்.

அதற்கு முன் அதே நிலையத்தில் "பிராவோ" என்ற செயலி இருந்தது. அதில் கட்டளை கொடுக்கும் நிலை வேறு, எழுத்தடிக்கும் நிலை வேறு. இப்போது எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை மறந்தால் வினைதான். கட்டளை நிலையில் இருப்பது தெரியாமல் ஆங்கிலத்தில் "எடிட்" என்று அடித்தால், "ஈ" முழுவதையும் தெரிவு செய்யும், "டி" அழிக்கும், "ஐ" எழுதத் தயாராகும், கடைசி எழுத்து மட்டும் திரையில் தனியே நிற்கும். மொத்த ஆவணமும் போய், ஒரேயோர் எழுத்து மிச்சம்!

டெஸ்லருக்கு இந்த நிலை மாற்றங்களே பிடிக்காது. தன் காரின் இலக்கத் தகட்டில்கூட "நிலைகள் வேண்டாம்" என்ற பொருளில் எழுதி வைத்திருந்தவர் அவர். ஜிப்சியில் வரிசையை மாற்றினார்கள். முதலில் வேண்டிய பகுதியை மவுஸால் இழுத்துத் தெரிவு செய். பிறகு அதை என்ன செய்வது என்று சொல். வெட்டியது ஒரு தற்காலிக இடத்தில் காத்திருக்கும், விரும்பிய இடத்தில் ஒட்டலாம். இன்று தரம் 6 பிள்ளைகூட யோசிக்காமல் செய்வது இதைத்தான். டெஸ்லர் 1980இல் அப்பிள் நிறுவனத்துக்குப் போனார். 1983இல் லீசா, 1984இல் மெக்கின்டொஷ் வந்தன. விசைப்பலகையின் கீழ் வரிசையில் அடுத்தடுத்து இருக்கும் எக்ஸ், சி, வி என்ற மூன்று விசைகளும் வெட்ட, பிரதி எடுக்க, ஒட்ட என்று நிலைத்தன. விண்டோஸும் அதையே எடுத்துக்கொண்டது. டெஸ்லர் 2020 பெப்ரவரியில் காலமானார்.

இனி நம்முடைய சிக்கல். கொப்பி பண்ணும்போது கிளிப்போர்டில் ஒரு பொருள் மட்டும் ஏறுவதில்லை. ஒரே பந்தியைச் செயலி பல வடிவங்களில் வைக்கிறது. ஒன்றில் எழுத்துரு, நிறம், அளவு எல்லாம் இருக்கும். இன்னொன்றில் உடுப்பெல்லாம் கழற்றிய வெறும் எழுத்துக் குறியீடுகள் மட்டும் இருக்கும். ஒட்டும் இடம் தனக்குத் தெரிந்த வடிவத்தை எடுத்துக்கொள்ளும். வேர்டிலிருந்து வேர்டுக்குப் போட்டால் பாமினி எழுத்துருவும் கூடவே போகும், தமிழ் தெரியும். வட்ஸ்அப்பிலோ பேஸ்புக்கிலோ போட்டால் வெறும் குறியீடு மட்டுமே போகும். பாமினியில் அந்தக் குறியீடு ஆங்கில எழுத்துத்தான். "ஜே" என்ற எழுத்தின் இடத்தில் "த" என்று ஒரு படம் வரைந்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். போனில் பாமினி இல்லாததால் சேருடைய கோப்பிலும் படம் போய் ஆங்கிலம் வெளியே வந்தது.

பாமினியைக் குறை சொல்ல நான் வரவில்லை. கணினி ஆங்கிலம் மட்டும் பேசிய காலத்தில் நம்மிடம் வேறு வழி இருக்கவில்லை. தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தில் பழகிய விரல்கள் அப்படியே கணினிக்கு வந்தன. அச்சகங்களும் பாடசாலை வினாத்தாள்களும் திருமண அழைப்பிதழ்களும் அதில்தான் வந்தன. சிங்களத்திலும் எஃப்எம் அபய போன்ற எழுத்துருக்களுக்கு இதே கதைதான். யுனிகோட் 1991இலேயே தமிழுக்குத் தனி இடம் கொடுத்தது. விண்டோஸ் 2000 "லதா" எழுத்துருவோடு வந்தது. இலங்கையில் எஸ்எல்எஸ் 1326 என்ற தமிழ்த் தர நிர்ணயம் 2008இல் வந்தது. தமிழ்நாட்டு அரசு 2010இல் யுனிகோடை ஏற்றது. ஆனால் பழகிய விரலும் பழைய கணினியும் தர நிர்ணயத்துக்காகக் காத்திருப்பதில்லை. சேர் எழுதியது இந்த இடைக்காலத்தில்.

என் உம்மாவின் உம்மா அறபுத் தமிழ் வாசிப்பார். அறபு எழுத்தில் எழுதிய தமிழ். தமிழுக்கென்று சில எழுத்துகளுக்குக் கூடுதலாகப் புள்ளிகள் வைத்திருப்பார்கள். அவருடைய புத்தகங்கள் இன்றும் வீட்டில் இருக்கின்றன. வாசிக்க எங்களில் யாருக்கும் தெரியாது. பாமினியில் அடித்ததும் அப்படித்தான். மொழி தமிழ், உள்ளே இருக்கும் எழுத்து வேறு. வாசிக்கும் சாவி தெரிந்த தலைமுறை போய்விட்டால் கோப்பு இருந்தும் இல்லாததுதான்.

சரி, மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தோம். பாமினியை யுனிகோடாக்கும் மாற்றிகள் இணையத்தில் இருக்கின்றன. சுரதா யாழ்வாணனின் "பொங்கு தமிழ்" வலைப்பதிவு எழுதிய தலைமுறைக்குத் தெரிந்தது. வேலை வெறும் எழுத்துக்கு எழுத்து மாற்றுவதல்ல. "கொ" என்பதைப் பாமினி கண்ணுக்குத் தெரியும் வரிசையில், கொம்பு, ககரம், அரவு என்று மூன்று துண்டாக வைக்கும். அந்தக் கொம்பை மட்டும் மவுஸால் தெரிவு செய்து வெட்டிக்கூட விடலாம். யுனிகோடில் முதலில் ககரம், பிறகுதான் உயிர்க்குறி. கேர்சர் நடுவில் போய் நிற்காது. ஆகவே மாற்றி வரிசையையும் திருப்பி அடுக்க வேண்டும். அதைச் சரியாகவே செய்தது. நானா முதல் பந்தியை வாய்விட்டு வாசித்தார், பாதியில் நிறுத்தினார், திரும்ப வாசித்தார்.

பிரச்சினை பெயர்ப் பட்டியலில் வந்தது. "பதுர்இ ஹனீபாஇ இஸ்மாயில்இ இப்றாஹீம்இ" என்று ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஓர் "இ". இலங்கைச் செய்தித் தளங்களில் "கொழும்புஇ கண்டிஇ" என்று நீங்களும் பார்த்திருப்பீர்கள். காரணம் இதுதான். பாமினியில் காற்புள்ளி விசையை அழுத்தினால் "இ" வரும். அதாவது பாமினியில் "இலங்கை" என்ற பெயரே உள்ளுக்குள் ஒரு காற்புள்ளியில்தான் தொடங்குகிறது. சேர் காற்புள்ளி வேண்டிய இடத்திலெல்லாம் ஆங்கில எழுத்துருவுக்கு மாறி அடித்திருக்கிறார். வேர்டில் எந்தக் குழப்பமும் இல்லை. மாற்றியில் ஒட்டும்போது எழுத்துரு கழன்றுவிட்டது. பெயருக்குரிய "இ"யும் காற்புள்ளியும் ஒரே குறியீடாகிவிட்டன.

நானா அவசரப்பட்டார். "எல்லா இ-யையும் காற்புள்ளியா மாத்திருங்களேன் டீச்சர்." அப்படி ஒரே அமுக்கில் மாற்றினால் இப்றாஹீம், இஸ்மாயில், இத்ரீஸ் எல்லோருக்கும் தலை போய்விடும். ஊரை விட்டு ஒரு தடவை வெளியேற்றப்பட்ட மனிதர்களைப் பட்டியலிலும் முதலெழுத்தில்லாமல் விடுவதா?

கை கொடுத்தது தரம் 8 இலக்கணம். தமிழில் உயிரெழுத்து சொல்லின் முதலில்தான் தனியாக வரும், அளபெடை தவிர நடுவிலும் கடைசியிலும் வராது. ஆகவே சொல்லின் கடைசியில் ஒட்டி நிற்கும் "இ" காற்புள்ளி. முதலில் நிற்கும் "இ" பெயர். "இ"யும் அதன் பின் ஓர் இடைவெளியும் சேர்ந்து வரும் இடங்களை மட்டும் தேடி மாற்றினோம். இடைவெளி விடாமல் அடித்த இடங்களைக் கண்ணால் பார்த்துத் திருத்தினோம். இடையிடையே சேர் ஆங்கிலத்தில் எழுதிய முகவரிகளும் மாற்றியில் விளங்காத தமிழாகியிருந்தன. மூலக் கோப்பைப் பக்கத்தில் திறந்து வைத்து அவற்றையும் மீட்டோம். இஷா முடிந்து நெடுநேரம் ஆகியது.

உங்களிடமும் இப்படிக் கோப்பு இருக்கலாம். பள்ளிவாசல் கணக்கு, கழக அறிக்கை, வாப்பாவின் கடிதம், யாரோ பாதியில் விட்ட ஊர் வரலாறு. ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிந்தால் அழிக்காதீர்கள். மூலக் கோப்பைத் தொடாமல் இன்னொரு பிரதி எடுங்கள். பாமினி உள்ள கணினியில் திறந்து தாளில் அச்சிடுங்கள், பீடிஎஃப் ஆகவும் சேமியுங்கள். பீடிஎஃப்பில் கண்ணுக்குத் தமிழாக இருந்தாலும் கொப்பி பண்ணினால் பழைய குப்பைதான் வரும், அதனால் அது ஒப்புப் பார்க்க மட்டும். பிறகு யுனிகோடுக்கு மாற்றி, அச்சிட்டதோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். பெயர்களை மட்டும் ஊர்ப் பெரியவர் ஒருவரோடு இருந்து சரிபாருங்கள். மாற்றியைப் பிறகும் தேடிக்கொள்ளலாம், அந்தப் பெரியவர்கள் எத்தனை காலம் இருப்பார்கள்?

பெரிய சேரின் பட்டியலை இப்போது நானாவின் மாமி சரிபார்க்கிறார். நேற்று வரை இரண்டு ஒழுங்கை முடிந்திருக்கிறது. இன்னும் ஐந்து இருக்கிறது.