கோறணமேந்துக் கோழி

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேணும்" என்பது யாழ்ப்பாணத்துப் பழமொழி. கோறணமேந்து என்றால் அரசாங்கம். கொழும்பின் கடற்கரைப் பகுதியான வெள்ளவத்தையின் பாதிக் கதை இந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. கிணற்றை நம்பிய தோட்டம், பிள்ளைகளுக்குப் பிரிக்கப் பிரிக்கச் சிறுத்துக்கொண்டே போகும் காணி. 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமாரின் பள்ளிக்கூடங்கள் ஆங்கிலம் கொடுத்தன. 1905இல் காங்கேசன்துறை வரை ரயில் ஓடத் தொடங்கியது. படித்த பெடியன் அந்த ரயிலில் ஏறிக் கொழும்பில் கிளாக்கரானான். கோட்டைக் கந்தோர்களுக்குக் கடற்கரை ரயிலிலேயே போய்வரலாம் என்பதால் வெள்ளவத்தை வாய்ப்பாக அமைந்தது.

ஒரு வீட்டை நாலைந்து பேர் பங்குபோட்டு எடுத்தால் அதுதான் 'சம்மரி'. ஊரிலிருந்து வந்த ஒடியலும் பினாட்டும் கட்டிலுக்கு அடியில் இருக்கும். சம்பள நாளில் முதல் வேலை தபாற்கந்தோரில் மணியோடர் எழுதுவது. அந்தக் காசில் தங்கச்சிக்குச் சீதனம் சேரும், தம்பி படிப்பான். செட்டியார் தெரு நகை வியாபாரியின் வருமானத்துக்கு முன்னால் கிளாக்கரின் சம்பளம் எந்த மூலைக்கு? ஆனாலும் கலியாணப் பேச்சில் மவுசு கிளாக்கருக்கே. அவருக்குப் பென்சன் உண்டு.

வேலையில் ஆளை உந்துவது எது என்று அறிய, அமெரிக்க உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க் பிட்ஸ்பர்க்கில் ஏறக்குறைய 200 பொறியியலாளர்களையும் கணக்காளர்களையும் விசாரித்து 1959இல் ஒரு நூல் வெளியிட்டார். சம்பளமும் வேலைப் பாதுகாப்பும் மனக்குறையைத் தடுக்குமே தவிர, ஆளை உந்தித் தள்ளாது என்றார். வெள்ளவத்தைச் சம்மரியில் ஒருவரை விசாரித்திருந்தால் ஹெர்ஸ்பெர்க்குக்குக் கொஞ்சம் சங்கடமாகியிருக்கும். அங்கே ஒருவனை ஊரைவிட்டே கிளப்பியது அந்தப் பாதுகாப்புத்தான்.

அதே நேரம், முழுக்கவும் அதுதான் என்று சொல்லிவிடவும் முடியாது. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை எழுதாத அரசாங்க ஊழியரின் சம்பள உயர்வு பின்னர் நிறுத்தப்பட்டது. எழுதுவினைஞர் சேவையிலிருந்த கோடீஸ்வரன் எழுத மறுத்தார், உயர்வு நின்றது, அரசாங்கத்தின் மேலேயே வழக்குப் போட்டார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மேன்முறையீட்டில் அது மாறி, 1969இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்குப் போனது. சில ரூபாய் உயர்வுக்காக யாரும் இவ்வளவு அலைய மாட்டார்கள். பென்சனுக்குள்ளே கௌரவமும் சேர்ந்தே இருந்திருக்கிறது. பாதுகாப்பு, கௌரவம் என்று தனித்தனிப் பெட்டியில் போட்டுப் பார்ப்பது கந்தோர்க் கோப்புக்குச் சரி, மனுசருக்குச் சரிவராது.

கந்தோர் கதவு ஒடுங்க ஒடுங்க, கிளாக்கர்மார் பிள்ளைகளை மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் கணக்கியலுக்கும் திருப்பினார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் தரப்படுத்தல் முறை தமிழ் மாணவருக்குப் பல்கலைக்கழக வாசலையும் ஒடுக்கியது. 1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான வன்முறையில் வெள்ளவத்தை எரிந்தது. பலர் கப்பலிலும் விமானத்திலும் ஏறினார்கள். மணியோடர் திசை மாறியது: முன்பு வெள்ளவத்தையிலிருந்து வடக்கே போன காசு, பிறகு லண்டனிலிருந்தும் டொரொன்டோவிலிருந்தும் இங்கே வந்து கடற்கரை ஒழுங்கைகளில் அடுக்குமாடியாக எழுந்தது.

ஆனால் பழமொழி மட்டும் ஊரைவிட்டுப் போகவில்லை. 2017இல் யாழ்ப்பாண மாவட்டச் செயலகமான கச்சேரியின் வாசலில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் குந்தியிருந்தார்கள். அவர்கள் கேட்டது அரசாங்க வேலை.