கோட்டு, குல்லாய், கழுத்துப்பட்டை

ஆடவர் அலங்காரம் என்றவுடன் பட்டணத்துப் பெரிய கடைகளின் கண்ணாடிப் பேழைகளில் மின்னும் கைப்பொத்தான்களையும் பட்டுக் கழுத்துப்பட்டைகளையுமே நினைத்துப் பழகியவர்களுக்கு, மலேசியாவின் புக்கிட் ரோத்தானையும் அதைச் சூழ்ந்த கோலசிலாங்கூர்த் தோட்டப்புறங்களையும் அந்தச் சரித்திரத்தில் சேர்ப்பது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் ஒருவன் தலையிலும் தோளிலும் கழுத்திலும் என்ன இருக்கிறது என்பதைத் தூரத்திலிருந்து பார்த்தே, அவன் ஸ்தானம் இன்னது, அவன் முன்னால் யார் எழுந்து நிற்க வேண்டும், யார் முன்னால் அவன் ஒதுங்க வேண்டும் என்று தீர்மானித்துவிடக்கூடிய இடம் ரப்பர்த் தோட்டத்தைப்போல் வேறு அதிகம் இருந்ததில்லை.

விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, கூடும் ஜனங்களிடையே இந்த வரிசைக்கிரமம் தெளிவாகத் தெரிந்தது. தோட்டத்தை நிர்வகிக்கும் வெள்ளைக்காரத் துரைக்குச் சோலாத் தொப்பி. கணக்கெழுதும் கிராணிக்கு வெள்ளை டிரில் துணியில் தைத்து, கஞ்சி போட்டு விறைப்பாகத் தேய்த்த, கழுத்து மூடிய கோட்டு. மலாய்க்காரர் அதைத் ‘துத்துப்’ என்பார்கள். தொழிலாளரை மேற்பார்க்கும் கங்காணிக்கு வேட்டியின்மேல் ஒரு கோட்டு, தலைப்பாகை, காதிலே கடுக்கன். பால் மரம் வெட்டப் போகிறவனுக்கோ தலையில் சுற்றிய ஒரு துண்டு. அதுவே அவனுக்கு வியர்வை துடைக்கவும், சும்மாடு கூட்டவும், மாலையில் குளித்துவிட்டு உடம்பு துவட்டவும் உதவியது.

கிராணியின் கோட்டைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகச் சொல்லலாம். கழுத்துவரை மூடுகிற அந்தக் கோட்டினுள் சட்டையோ கழுத்துப்பட்டையோ வேண்டியதில்லை. மலாயாவின் வெக்கைக்கு அது புத்திசாலித்தனமான ஏற்பாடு. அதன் பொத்தான்கள் துணியோடு தைக்கப்பட்டவை அல்ல. துளை வழியே செருகி, உட்புறம் சிறு வளையத்தால் பிடிப்பித்து, வெளுக்கப் போடுமுன் கழற்றி எடுத்துவைக்கத் தக்கவை. ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில், கஞ்சியேறி விறைத்த மணிக்கட்டுப் பட்டைக்குச் சாதாரணப் பொத்தான் ஒத்துவராமல் இணைப்புப் பொத்தான்கள் பெருவழக்கானதற்கும் இதற்கும் காரணம் ஏறக்குறைய ஒன்றே. லண்டன் கனவானின் கைப்பொத்தானுக்கு இந்த வட்டாரத்தில் உறவு தேடினால், கிராணி வீட்டு மேஜை இழுப்பறையில் கிடந்த கோட்டுப் பொத்தான்களையே காட்ட வேண்டும். கிராணிமார்களில் யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும் மிகுதி. தமிழே பேசுகிற கிராணிக்கும் தமிழே பேசுகிற தொழிலாளிக்கும் இடையே கடலளவு தூரத்தை உண்டாக்கியதில் அந்த வெள்ளைக் கோட்டுக்குப் பங்கில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கங்காணியின் கோட்டு வேறொரு காரியத்தைச் செய்தது. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டு, 1910இல் ஒப்பந்தக் கூலி முறை முடிவுக்கு வந்தபின், ஆள் சேர்க்கும் வேலை பெரும்பாலும் கங்காணிகள் கைக்கு வந்தது. உரிமச்சீட்டுடன் திருச்சி, தஞ்சை, சேலம் ஜில்லாக்களில் தன் சொந்தக் கிராமத்துக்குப் போய் நிற்கும் கங்காணியின் கோட்டும் குடையும் மோதிரமும், மலாயாவின் சுபிட்சத்துக்கு அவன் வாய்ச்சொல்லைக் காட்டிலும் வலுவான சாட்சியாக நின்றன. அந்தப் பகட்டுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அவன் கூட்டிச்சென்ற ஆட்களில் நாள்தோறும் வேலைக்கு இறங்கியவர்களின் தலையை எண்ணித் தோட்டம் அவனுக்குக் கொடுத்த தலைக்காசு ஒரு முக்கியமான வழி. ரப்பருக்கு மட்டுமல்ல, 1917இல் ஹென்றி ஃபோக்கோன்னியே என்ற பிரெஞ்சுக்காரர் எண்ணெய்ப்பனையை வாணிப முறையில் மலாயாவில் முதன்முதலாக நட்ட, இதே வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்துக்கும் உழைப்பு தமிழ்நாட்டிலிருந்தே வந்தது. உதவிபெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தை 1938இல் இந்திய அரசாங்கம் நிறுத்தியதும், கங்காணியின் கோட்டு தன் பிரதான உத்தியோகத்தை இழந்தது.

அந்த வரிசைக்கிரமத்தை அசைத்தது எந்தத் தையற்கடையிலிருந்தும் வந்ததல்ல. கதர்த் துணியில் தைத்த காந்தி குல்லாய். 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் ஆர்.எச். நாதன் முதலானோர் தலைமையில் மூண்டு, சிலாங்கூர்த் தோட்டங்களில் பரவிய வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் அதை அணிந்து நின்றார்கள். அவர்களுடைய கோரிக்கைகளில் சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்கு நல்ல கல்வி, கள்ளுக்கடை மூடல் இவற்றோடு ஒன்று: துரையையோ கிராணியையோ எதிரில் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் ஒழிய வேண்டும். வயிற்றுப்பாட்டுக்காக மட்டும் நடந்த போராட்டம் என்று அதை எழுதுகிறவர்கள் இந்தக் கோரிக்கையைக் கவனிக்கத் தவறுகிறார்கள். மே 5ஆம் தேதி நாதன் கைது செய்யப்பட்டார். மே 16இல் சிலாங்கூரில் அவசரநிலை பிரகடனமாகி ராணுவம் வந்தது. தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

அதற்கு முன்பே, 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்துபோனதும், கோ. சாரங்கபாணி போன்ற சீர்திருத்தக்காரர்களின் எழுத்தும் பேச்சும் கட்டுக்குடுமியைக் கத்தரிக்கத் தொடங்கியிருந்தன. கிராப்பு வெட்டிய தலையும் தோளில் கிடந்த துண்டும் இளைஞரின் புது அடையாளங்களாயின. இரண்டாம் உலக யுத்தத்துக்குப்பின் சங்கங்கள் தோன்றி, 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோது, துரை முன்னால் மேஜைக்கு எதிர்ப்புறம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேச ஆட்கள் வந்துவிட்டார்கள்.

பதினேழாம் நூற்றாண்டுக் குரோவாசியச் சிப்பாய்களின் கழுத்துத்துணியிலிருந்து பிறந்ததாகச் சொல்லப்படும் கழுத்துப்பட்டை தோட்டப்புறத்துக்குக் கடைசியாகத்தான் வந்து சேர்ந்தது. இன்று ‘டை’ என்றால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் கட்டுகிறார்கள், கல்யாண மாப்பிள்ளைகளும் கட்டுகிறார்கள். பாட்டன்மார் காலத்தில் ஒரு கோட்டுக்கு இருந்த பயமுறுத்தும் அதிகாரம் அதற்கு இல்லாமல் போனதை நான் நஷ்டமாகக் கருதவில்லை.

நஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. கடுக்கன்களும் பவுன் பொத்தான்களும் அவசரச் செலவுக்கு உருக்கப்பட்டன; கோட்டுகள் பூச்சிக்கு இரையாயின; எஞ்சியவை சில பழைய புகைப்படங்கள்தான். புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக் பக்கத்துக் குடும்பங்களில் அத்தகைய படம் ஏதேனும் இருந்தால், அதிலிருப்பவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும், விவரம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, படத்தின் பின்புறம் எழுதிவையுங்கள்.