ஜன்மார்க்: அகமதாபாத் விரைவுப் பேருந்துத் தடம்

குஜராத்தின் அகமதாபாத் நகரில், பேருந்துக்கென்று ஒதுக்கிய தனித்தடங்களில் ஓடும் போக்குவரத்து அமைப்பு ஜன்மார்க். செப்ட் பல்கலைக்கழகம் திட்டமிட்டது. மாநகராட்சி அமைத்த அகமதாபாத் ஜன்மார்க் லிமிடெட் நடத்துகிறது. ஆர்.டி.ஓ. முதல் பிரானா வரை 12.5 கி.மீ. நீளமுள்ள முதல் தடம் 2009 அக்டோபரில் திறக்கப்பட்டது.

‘நெரிசலான இடங்களை இணை, நெரிசலான சாலைகளைத் தவிர்’ என்பதே தடத் தேர்வின் அடிப்படை. அதனால் பழைய நகரின் குறுகிய தெருக்களில் கை வைக்காமல், 132 அடி ரிங் ரோடு போன்ற அகலச் சாலைகளில் பணி தொடங்கியது. எதிர்ப்பு குறைவாக இருக்கும் இடத்தில் முதலில் ஓட்டிக் காட்டியது சரியான முடிவு. சாலையில் இடம் பறிபோகிறது என்ற கோபம், பயன் கண்ணில் படும் முன்பே வலுத்துவிட்டால் திட்டம் நிலைக்காது.

டெல்லியில் அதுதான் நடந்தது. அம்பேத்கர் நகர்–மூல்சந்த் இடையே 2008இல் திறந்த 5.8 கி.மீ. தடத்தில் எல்லாப் பேருந்துகளும் நுழைய முடிந்தது. நிறுத்தங்கள் சந்திப்பை ஒட்டியே இருந்ததால், சிக்னலுக்கு நிற்கும் பேருந்தும் ஆள் ஏற்றும் பேருந்தும் ஒன்றன்பின் ஒன்றாகத் தேங்கின. பக்கத்துத் தடத்தில் நின்ற கார்க்காரர்கள் பொறுமையிழந்தார்கள். தடத்தை எதிர்த்த வழக்கை உயர் நீதிமன்றம் 2012இல் தள்ளுபடி செய்தும், 2016இல் அதை இடித்தே விட்டார்கள்.

அகமதாபாத்தில் இதற்கென வாங்கிய பேருந்துகள் மட்டுமே தடத்தில் ஓடின. நிலையங்கள் சாலையின் நடுவில் இருப்பதால் கதவு வலப்பக்கம் வைக்கப்பட்டது. ஓரமாக நிறுத்திய வண்டிகளும் சந்துகளிலிருந்து திரும்பும் ஆட்டோக்களும் பேருந்தை மறிப்பதில்லை. சீட்டை நிலையத்திலேயே வாங்கிவிடலாம். நடைமேடையும் பேருந்தின் தளமும் ஒரே உயரத்தில் இருப்பதால் முதியவர்கள் படியேறத் தடுமாற வேண்டியதில்லை. இப்படி ஒவ்வொரு நிலையத்திலும் மிச்சமாகும் நொடிகளே பயணத்தை விரைவாக்குகின்றன. என்ஜினின் வேகம் அல்ல.

2010இல் நிலைத்த போக்குவரத்துக்கான பன்னாட்டு விருது ஜன்மார்க்குக்குக் கிடைத்தது. ஆனாலும் நடைபாதைகளையும் சைக்கிள் பாதைகளையும் பல இடங்களில் வண்டிகளும் கடைகளும் ஆக்கிரமித்தன. நடுச்சாலை நிலையத்துக்குப் போகும் ஒவ்வொருவரும் பாதிச் சாலையைக் கடந்தாக வேண்டும். அடுத்த தடத்துக்கு வரைபடம் போடுகிறவர்கள் அந்தக் கடவையிலிருந்தே தொடங்க வேண்டும்.