உருமாறும் டொங்கிள்

கொழும்பிலிருந்து மொனராகலைக்கு ரயில் கிடையாது. தண்டவாளம் 1924இல் பதுளையோடு நின்றுவிட்டது. ஆகவே யூஎஸ்பி துவாரத்தில் செருகும் மோடமான டொங்கிளும் மற்றச் சாமான்களைப் போல இரத்தினபுரி, வெல்லவாய, புத்தள என்று ஏ4 வீதி வழியாகத்தான் இங்கே வந்து இறங்கியது. 2006இல் டயலொக் நிறுவனம் இலங்கையில் 3ஜி சேவையைத் தொடங்கியது; ஹுவாவேயின் இ220 மோடம் சந்தைக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். தொலைபேசிக் கம்பி எட்டாத இடங்களில் கணினியை இணையத்தோடு சேர்த்து வைத்தது இந்த வம்சம்.

இந்த வம்சத்துக்குப் பிறவியிலேயே இரண்டு முகம். செருகியதும் தன்னை மோடம் என்று சொல்லாது, சீடி ரொம் என்று சொல்லும். விண்டோஸுக்கு வேண்டிய மென்பொருள் அந்தப் பொய்ச் சீடிக்குள் இருக்கும். அதை நிறுவியபின் ஒரு கட்டளை போகும். டொங்கிள் தன்னைத் தானே துண்டித்துக்கொண்டு மோடமாக மறுபடி தோன்றும். கெட்டிக்கார யோசனைதான், விண்டோஸ் வைத்திருப்பவருக்கு. லினக்ஸில் சீடி சீடியாகவே கிடக்கும். அதனால் லினக்ஸின் மைய நிரலான கர்னலின் யூஎஸ்பி சேமிப்பு டிரைவருக்குள் இ220க்கென்றே ஒரு சின்னச் செயல்கூறு எழுதினார்கள். இப்படிப்பட்ட சாதனங்கள் பெருகப் பெருக, அந்த வேலை கர்னலுக்கு வெளியே 'யூஎஸ்பி மோட்ஸ்விட்ச்' என்ற நிரலின் தலையில் விழுந்தது.

மலையடிவாரத்து வாழ்க்கை டொங்கிளுக்குச் சுலபமில்லை. தொலைபேசிக் கோபுரம் தூரமானால் மோடம் கூடிய வலுவில் சிக்னல் அனுப்ப வேண்டும். அதற்குக் கரண்ட் அதிகம் வேண்டும். யூஎஸ்பி 2.0 துவாரம் தருவதாக ஒப்புக்கொண்டதோ 500 மில்லி அம்பியர். சிக்னல் கிடைக்கட்டும் என்று நீள வயர் போட்டு ஜன்னலில் தொங்கவிட்டால், அந்த வயரிலேயே கொஞ்சம் வோல்டேஜ் தொலைந்துவிடும். ஒரு கட்டத்தில் மோடம் எதற்கும் பதில் சொல்லாமல் உறைந்துபோகும். மனிதர் என்றால் கழற்றிச் செருகுவார். டிரைவருக்குக் கையில்லை; அதற்கு இருப்பது ரீசெட் மட்டும்.

யூஎஸ்பி ரீசெட் என்பது மின்சாரத்தை நிறுத்துவதல்ல. இரண்டு தரவுக் கம்பிகளையும் ஒன்றாகத் தாழ்நிலைக்கு இழுத்துக் குறைந்தது 10 மில்லி செக்கன் பிடித்து வைப்பது. கணினியின் சொந்தத் துவாரமென்றால் 50. விட்டதும் சாதனம் தனக்குத் தந்த இலக்கத்தை மறந்து 0 என்ற முகவரியில் நிற்கும். மறந்ததையெல்லாம் கர்னல்தான் திரும்பச் சொல்லிக்கொடுக்க வேண்டும்: பழைய முகவரி, பழைய அமைப்பு. ஆகவே ஒழுங்கான டிரைவருக்கு இரண்டு செயல்கூறுகள் உண்டு. ரீசெட்டுக்கு முன் அழைக்கப்படுவது புதிய வேலைகளை நிறுத்திப் பூட்டைப் பிடித்துக்கொள்ளும். பின்னர் அழைக்கப்படுவது நிலையைத் திரும்ப ஏற்றிப் பூட்டை விடும். இவை இல்லாத டிரைவரைக் கர்னல் நம்பாது. சாதனத்திலிருந்து அதைக் கழற்றிவிட்டு ரீசெட் செய்து மறுபடி இணைக்கும்.

இவ்வளவு செய்தபின் கர்னல் ஒரு சந்தேகமும் படுகிறது: வந்திருப்பது பழைய ஆள்தானா? சாதனத்தின் விவரப் பட்டியலை மறுபடி வாங்கி, தன்னிடமுள்ள பிரதியோடு ஒப்பிடும். ஒத்துப்போனால் சரி. வேறுபட்டால், பழையது பிடுங்கப்பட்டதாகவும் புதியது ஒன்று செருகப்பட்டதாகவும் கணக்கு வைக்கும்.

நம் டொங்கிள் மாட்டிக்கொள்வது இங்கேதான். மோடமாகப் போன ஆள் ரீசெட்டுக்குப் பின் சீடியாகத் திரும்பி வரலாம். இணைப்பை நடத்திக்கொண்டிருந்த நிரலின் காலடியில் போர்ட்டே இருக்காது. பிழையைத் திருத்தப் போன மருந்து நோயாளியையே மாற்றிவிட்டது. என் பார்வையில் இதற்குக் கர்னல் கண்ட விடை அழகானது. 'ரீசெட் செய்யாதே' என்று ஒரு குறி. உருமாறும் சாதனங்களை உதாரணமாகச் சொல்லி, மூல நிரலில் அதன் மேல் ஒரு வரிக் குறிப்பு. குறி உள்ள சாதனத்துக்குச் சேமிப்பு டிரைவர் துவார ரீசெட் கேட்டால், அனுமதியில்லை என்ற பிழை இலக்கம்தான் கிடைக்கும். தன் வகுப்புக்குரிய மென்மையான வழியை அது தேடிக்கொள்ள வேண்டும். மோடம் முகத்தில் இருக்கும்போதோ, மோடங்களுக்குரிய ஏ.டி. கட்டளை ஒன்றை அனுப்பி மோடத்தையே மறுதொடக்கம் செய்யச் சொல்லலாம். கேட்கும் நிலையில் அது இருந்தால்.

பின்னால் வந்த ஹைலிங்க் வகை டொங்கிள்கள் மோடமாகவே தோன்றுவதில்லை. கணினிக்கு அவை ஒரு ஈதர்நெட் அட்டை. மறுதொடக்கப் பொத்தான் பொதுவாக 192.168.8.1 என்ற முகவரியிலுள்ள பக்கத்தில் இருக்கிறது. செருகியதும் முதலில் அவையும் சீடி முகத்தைத்தான் காட்டுகின்றன.