ஆற்றைச் சுமந்து சென்ற பலகை

தான்சானியாவின் தென்மேற்கில் உள்ள உசங்கு சமவெளியில், மலையிலிருந்து இறங்கும் ஓடைகளை மறித்து நெல் விளைவிக்கிறார்கள். எஞ்சிய நீர் சதுப்பில் தேங்கிப் பெரிய ருவாஹா ஆறாக வெளியேறும். 1990களின் நடுவிலிருந்து வறட்சிப் பருவந்தோறும், கீழேயிருக்கும் ருவாஹா தேசியப் பூங்காவுக்குள் அந்த ஆறு வற்றிப்போனது. மேலே தலைமடைக்கும் கடைமடைக்கும் ஓயாத சச்சரவு. அதற்கு நடுவே, 2000-ஐ ஒட்டிப் பிறந்தது ஒரு மரப்பலகை விளையாட்டு. உருவாக்கியவர் இங்கிலாந்தின் ஈஸ்ட் ஆங்லியா பல்கலைக்கழகப் பாசன ஆய்வாளர் புரூஸ் லாங்க்ஃபோர்ட்.

சாய்வான பலகையின் நடுவே ஆறு. அதிலிருந்து பிரியும் வாய்க்கால்கள். அவற்றின் முடிவில் வயல்களாகச் சிறு குழிகள். தண்ணீருக்குப் பதில் கண்ணாடிக் கோலிக்குண்டுகள். மேலிருந்து உருட்டிவிட்டால், ஆற்றின் குறுக்கே குச்சியை அணையாக வைத்தவர் பக்கம் குண்டுகள் திரும்பும். நிறைய உருட்டினால் மழைக்காலம், கொஞ்சம் உருட்டினால் வறட்சி.

முதல் ஆட்டத்தில் அவரவர் வயலை அவரவர் நிரப்பலாம். தலைமடையில் குண்டுகள் குழிக்கு மேல் குவியும். கடைமடைக்காரர் ஒன்றிரண்டுக்குக் காத்திருப்பார். அடுத்து, எல்லோரும் பிழைக்க வேண்டும் என்று ஆடும்போதுதான் யார் குச்சியை எவ்வளவு விலக்குவது என்ற பேரம் தொடங்கும். மறுநாள் பலகையை ஒதுக்கிவிட்டு, அதே பேச்சைச் சொந்த ஆற்றைப் பற்றிப் பேசுவார்கள்: முறை வைப்பதா, மடையைச் சுருக்குவதா?

மடையைச் சுருக்குவது அங்கே வெறும் பேச்சல்ல. விவசாயிகள் கல்லும் கழியும் வைத்துக் கட்டிய பழைய அணைகள் ஒழுகின. அந்த ஒழுகலே கீழூர்களின் பங்காக இருந்தது. 'மேம்பாடு' என்று கட்டிய கான்கிரீட் மடைகளோ வறட்சியில் ஓடும் சொற்ப நீரையும் முழுதாக இழுக்க வல்லவை. பேராசை மட்டுமல்ல, கட்டுமானமும் பங்கைத் தீர்மானித்தது.

2004-இல் பன்னாட்டு நீர் மேலாண்மை நிறுவனம் இந்த ஆட்டத்தைப் பற்றி ஆய்வறிக்கை வெளியிட்டது. பிறகு பலகை தென்னாப்பிரிக்காவின் ஒலிஃபன்ட்ஸ் ஆற்றுப்படுகைச் சிறு விவசாயிகளிடமும் போனது. ஆடுவதற்கு மின்சாரமோ எழுத்தறிவோ தேவையில்லை என்பது இந்தப் பயணத்துக்குக் கைகொடுத்தது.

ஆனாலும் பலகைக்கு ஓர் எல்லை உண்டு. அதைச் சுற்றி நிற்பவர்களுக்கு எல்லா மடையும் ஒரே பார்வையில் தெரியும். குச்சியை யாரும் கள்ளத்தனமாக நகர்த்த முடியாது. ஆற்றில் மேலூர்க்காரர் இரவில் மடை திறந்தால் கீழூருக்குத் தெரியாது. பேச்சைத் தொடங்கிவைக்கப் பலகை போதும். பேசியதைக் காக்க, மடைக்கு மடை போய்ப் பார்க்கும் ஆளும், இரு ஊரும் மதிக்கும் சங்கமும் வேண்டும்.