வோல்டா ஆற்றுத் திட்டம்

மேற்கு ஆப்பிரிக்க நாடான கானாவில், வோல்டா ஆற்றின் குறுக்கே அக்கோசோம்போ என்னுமிடத்தில் அணை கட்டி, அதில் கிடைக்கும் நீர்மின்சாரத்தைக் கொண்டு தேமா துறைமுக நகரில் அலுமினிய உருக்காலை நடத்துவதற்கென வகுக்கப்பட்ட பெருந்திட்டம் வோல்டா ஆற்றுத் திட்டம் எனப்படும். புதிதாக விடுதலை பெற்ற நாடுகள் பெருந்தொழில்களின் வழியே விரைந்து முன்னேறிவிடலாம் என்று 1950களிலும் 1960களிலும் வேரூன்றியிருந்த நம்பிக்கைக்கும், அந்நம்பிக்கையோடு பிணைந்திருந்த அரசியலின் ஏற்ற இறக்கத்திற்கும் இது தக்க சான்றாகும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்நாடு தங்கக் கடற்கரை என்று அழைக்கப்பட்டபோது, நிலவியல் துறைத் தலைவராக இருந்த ஆல்பர்ட் கிட்சன் அங்கே அலுமினியத்தின் மூலத்தாதுவான பாக்சைட்டைக் கண்டறிந்து, 1915இல் ஆற்றுவழிப் பயணத்தின்போது அணைக்கேற்ற மலையிடுக்கையும் குறித்து வைத்தார். அக்குறிப்பை 1930களின் இறுதியில் தென்னாப்பிரிக்கப் பொறியாளர் டங்கன் ரோஸ் கையிலெடுத்தார். திட்டத்தின் மூலவராகக் கிட்சனைச் சொல்வதே பெருவழக்கு. அதைத் தொழில் முயற்சியாக்கியவர் என்ற முறையில் ரோஸுக்கு அப்பெயரைத் தரவும் இடமுண்டு.

1951 முதல் 1966 வரையிலான காலத்திற்கே ஆவணங்கள் மிகுதி. தேர்தலில் வென்று ஆட்சிப்பொறுப்பேற்ற குவாமே நிக்ருமா, கொக்கோ ஏற்றுமதி ஒன்றையே நம்பியிருந்த நாட்டைத் தொழில் நாடாக்கும் திறவுகோலாக இத்திட்டத்தைக் கருதினார். ராபர்ட் ஜாக்சன் தலைமையிலான ஆயத்த ஆணையம் 1956இல் விரிவான அறிக்கை அளித்தது. ஆனால் 1957 மார்ச் 6இல் விடுதலை கிடைத்த பின்னர் பிரிட்டனின் ஆர்வம் தணிந்துவிட, நிக்ருமா 1958இல் அமெரிக்கா சென்று அதிபர் ஐசனோவரின் ஆதரவை நாடினார். அதன் தொடர்ச்சியாக அமெரிக்காவின் கைசர் நிறுவனம் திட்டத்தை மறுஆய்வு செய்து, அணையின் இடத்தை அஜேனாவிலிருந்து அக்கோசோம்போவிற்கு மாற்றியது. நிக்ருமா சோவியத் அணியோடு நெருங்குவதாக எழுந்த ஐயத்தையும், விசாரணையின்றிச் சிறைவைக்கும் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எதிர்க்கட்சியினர் அடைக்கப்பட்டதையும் எடைபோட்ட பின்னரே, 1961 டிசம்பரில் அதிபர் கென்னடி கடனுதவிக்கு இசைந்தார். அணைச் செலவில் ஏறத்தாழப் பாதியைக் கானாவே ஏற்க, எஞ்சியதை உலக வங்கி, அமெரிக்கா, பிரிட்டன் ஆகியவற்றின் கடன்கள் ஈடுசெய்தன.

இத்தாலிய நிறுவனமான இம்ப்ரெஜிலோ கட்டிய பாறைநிரப்பு அணை, அதாவது உடைத்த பாறைகளைக் குவித்து நடுவில் களிமண் சுவர் வைத்து எழுப்பும் அணை, ஏறத்தாழ 8,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஏரியை உருவாக்கியது. பரப்பளவில் உலகின் மிகப்பெரிய செயற்கை ஏரியாகக் கருதப்படும் அதில் ஏறக்குறைய 740 ஊர்கள் மூழ்கின. சுமார் 80,000 பேர் இடம்பெயர்ந்தனர். அவர்களுக்காக 52 குடியிருப்புகள் அமைக்கப்பட்டன. காலம் போதாமையால், முழு வீட்டிற்கும் அடித்தளமிட்டு அலுமினியக் கூரை வேய்ந்து, அதன்கீழ் ஓர் அறைக்கு மட்டும் சுவரெழுப்பிக் கொடுத்து, மற்றதைக் குடும்பங்களே கட்டிக்கொள்ள வேண்டும் என்று விடப்பட்டது. ஒரே அறைக்குள் பெரிய குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ நேர்ந்ததும், உழவுக்கு வாக்களித்த நிலம் உரிய நேரத்தில் திருத்தித் தரப்படாததும் பலரை அங்கிருந்து வெளியேறச் செய்தன. அணைக்காக ஊரிழந்தவர்களின் குடியிருப்புகள் பலவற்றிற்குப் பல்லாண்டுகள் மின்சாரமும் வரவில்லை. திட்டத்தின் மன்னிக்க முடியாத குறை இதுவே.

அணைக்குக் கீழே, தோங்கு பகுதிப் பெண்கள் ஆற்றில் மூழ்கி மட்டி எடுத்துப் பிழைத்துவந்தனர். ஆண்டுதோறும் வெள்ளம் வந்து வடிவதையும், கடலின் உப்புநீர் ஆற்றில் ஏறியிறங்குவதையும் ஒட்டியே மட்டி பெருகியதால், நீரோட்டம் சீரானதும் அத்தொழில் நலிந்தது. தேங்கிய நீரில் நத்தைகள் வழியே பரவும் பில்ஹார்சியா நோயும் மிகுந்தது. அருவிப் பாய்ச்சல்கள் மூழ்கியதால், அங்கே இனப்பெருக்கம் செய்யும் கரும் ஈக்கள் பரப்பிய ஆற்றுக் குருட்டு நோய் அவ்விடங்களில் தணிந்ததையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஏரிக்குள் வெட்டப்படாமல் நின்ற மரங்கள் மீன்களுக்குப் புகலிடமாயின. அம்மரங்களிலேயே மோதிப் படகுகள் கவிழ்வதும் வழக்கமாயிற்று.

உருக்காலையை நடத்திய வால்கோ நிறுவனத்தில் கைசர் 90 விழுக்காடும் ரெனால்ட்ஸ் 10 விழுக்காடும் பங்கு கொண்டிருந்தன. மின்சாரத்தின் பெரும்பகுதி, யூனிட்டுக்கு ஓர் அமெரிக்க சென்ட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு விலையில், நீண்டகால ஒப்பந்தப்படி அதற்குச் சென்றது. கானாவின் பாக்சைட்டை ஆலை பயன்படுத்தவில்லை. பாக்சைட்டிலிருந்து பிரித்தெடுக்கப்படும் அலுமினா வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாயிற்று. இவ்வொப்பந்தம் ஏழை நாட்டின்மீது சுமத்தப்பட்டதென்று ஒரு சாராரும், இதுவன்றிக் கடனே கிடைத்திராதென்று மற்றொரு சாராரும் கூறுவர்.

1966 ஜனவரி 22இல் நிக்ருமா அணையைத் தொடங்கிவைத்தார். அடுத்த மாதம் 24ஆம் நாள், அவர் ஆசியப் பயணத்தில் இருந்தபோது, இராணுவமும் காவல்துறையும் ஆட்சியைக் கைப்பற்றின. கொக்கோ விலைச் சரிவு, 1964இல் நிறுவப்பட்ட ஒரு கட்சி ஆட்சி, அயல்நாட்டு உளவுத்துறையின் கை ஆகியவற்றில் எது முதற்காரணம் என்பதில் கருத்தொற்றுமை இல்லை.

பிற்காலச் செய்திகள் சுருக்கமானவை. 1983–84 வறட்சியில் ஏரி வற்றி ஆலை நின்றது. 1985இல், அப்போது கானாவை ஆண்ட ராலிங்ஸின் அரசு மின்விலையைத் திருத்தி உயர்த்தியது. 2008க்குள் வால்கோ முழுமையாகக் கானா அரசின் கைக்கு வந்தது. 2010களின் மின்வெட்டுக்கு மக்கள் இட்ட ‘தும்சோர்’ என்னும் பெயர், ‘அணை, ஏற்று’ என்ற பொருள்தரும் அக்கான் மொழிச் சொற்களால் ஆனது. 2023ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஏரி நிரம்பி, மதகுகள் வழியே உபரிநீர் திறந்துவிடப்பட்டபோது, தோங்கு பகுதியின் மேப்பே, பாட்டோர் முதலிய ஊர்கள் நீரில் மூழ்கி, பல்லாயிரம் பேர் வீடிழந்தனர்.