ஓடும் வீடும் இல்லாளும்

'இல்லாள்' என்ற சொல்லுக்குத் தமிழில் ஆண்பால் இல்லை. 'இல்லான்' என்றால் ஒன்றுமில்லாதவன். இதைச் சொல்லியே பெண்ணை வீட்டுக்கு அரசியாக்கிய மேடைப்பேச்சுகளை நிறையக் கேட்டிருக்கிறோம். எம்.ஏ. படிக்கும்போது நானும் கைதட்டியிருக்கிறேன். வீடு எது, அதன் அளவை வரைகிறவர் யார் என்று அந்தப் பேச்சுகள் கேட்டதில்லை. ஒரு ஜீப் வீடான வரலாற்றைப் படித்தபோதுதான் எனக்கு இது உறைத்தது.

1942இல் அமெரிக்க ராணுவத்துக்காக ஃபோர்டு நிறுவனம் தண்ணீரிலும் ஓடும் ஜீப்பைச் செய்யத் தொடங்கியது. ஜிபிஏ என்று பெயர். ஜீப்பைச் சுற்றி இரும்புத் தகட்டில் ஒரு படகு, பின்னால் ஒரு புரொப்பல்லர், அவ்வளவுதான். நீளம் 4.6 மீட்டர், அகலம் 1.6 மீட்டர். எடை அதிகம், விளிம்பு நீர்மட்டத்தை ஒட்டியே நிற்கும். ஆறு தாண்ட ஆகும், அலைக்கு ஆகாது. பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் வண்டிகளோடு 1943இல் உற்பத்தி நின்றது. போர் முடிந்ததும் கழித்துப்போட்ட சாமான்களோடு இதுவும் ஏலத்துக்கு வந்தது.

இந்திய ராணுவத்தில் பணியாற்றிய ஆஸ்திரேலியப் பொறியாளர் பென் கார்லின், 1946இல் வங்காளத்து விமானத்தளம் ஒன்றில் இந்த வண்டியைப் பார்க்கிறார். இதிலேயே உலகைச் சுற்றிவரலாமே என்று தோன்றுகிறது. 1947இல் அமெரிக்காவில் ஒன்றை ஏலம் எடுக்கிறார். திறந்த வண்டிக்கு மேலே மூடிய கூண்டு, முகப்பில் எரிபொருள் தொட்டியோடு கூடிய நீட்டிப்பு, உள்ளே வானொலி, ஒரு படுக்கை. செஞ்சிலுவைச் சங்கத்தில் பணியாற்றிய எலினோர் அரோன் என்ற அமெரிக்கப் பெண் அவரை மணந்து கூடவே கிளம்புகிறார். வண்டிக்கு வைத்த பெயர் 'ஹாஃப்-சேஃப்', அதாவது பாதிப் பாதுகாப்பு. வியர்வை நாற்றம் போக்கும் களிம்பு ஒன்றின் விளம்பர வாசகத்திலிருந்து எடுத்தது. இரண்டு உடல்கள் அந்தக் கூண்டுக்குள் இருக்கப்போவதை நினைத்தால் இது வெறும் தமாஷாகத் தெரியவில்லை.

1948இல் நியூயார்க்கிலிருந்து கிளம்பிய முயற்சிகள் தோற்றன. ஒருமுறை எஞ்சின் புகை உள்ளே கசிந்து இருவரையும் மயக்க நிலைக்குக் கொண்டுபோனது. எஞ்சினும் படுக்கையும் அடுத்தடுத்து இருக்கிற வீட்டில் வேறென்ன நடக்கும்? 1950 ஜூலையில் கனடாவின் ஹாலிஃபாக்ஸிலிருந்து மறுபடி புறப்பட்டு, ஒரு மாதத்துக்கு மேல் கடலிலேயே கிடந்து அசோர்ஸ் தீவுகளை அடைந்தார்கள். ஒருவர் சுக்கானைப் பிடிக்க, மற்றவர் படுக்க வேண்டும். கரையில் என்றால் இறங்கி நாலு எட்டு நடக்கலாம். கடலில் அது முழுநேர வீடு. எலினோருக்கோ ஓயாத கடல்நோய், வாந்தி.

நான் வளர்ந்தது ஒற்றை அறைக் குடித்தனத்தில். அம்மாவுக்கு அழணும்னா பொதுக் குளியலறை காலியாகிற வரைக்கும் காத்திருக்கணும். கூரையும் சுவரும் இருந்தால் வீடு ஆகிவிடாது, ஒருவர் இன்னொருவரிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ள இடம் வேண்டும் என்பதை நான் அப்படித்தான் கற்றேன். ஹாஃப்-சேஃப்பில் அந்தக் குளியலறையும் கிடையாது.

இதற்காக எலினோரைப் பரிதாபத்துக்குரிய துணைவியாக வாசிப்பது தவறு. அட்லாண்டிக்கை ஜீப்பில் கடந்த இருவரில் அவர் ஒருவர். கார்லினை வில்லனாக்குவதும் எளிது. அவரும் அதே கூண்டுக்குள்தான் கிடந்தார். ஆனால் கூண்டின் அளவை வரைந்தவர் அவர். கதையை எழுதியவரும் அவர். 1955இல் வெளிவந்த 'ஹாஃப்-சேஃப்' நூலின் ஆசிரியர் கார்லின் மட்டுமே. அட்லாண்டிக் பயணம் முழுவதும் ஆணின் கதையாடலாகவே நமக்கு வந்து சேர்கிறது.

அதே 1955இல் ஐரோப்பா, துருக்கி, ஈரான் வழியாக வண்டி கல்கத்தா வந்தது. அதற்கப்புறம் எலினோர் வரவில்லை. மணவிலக்கும் ஆயிற்று. கார்லின் வேறு துணைகளோடு போனார். ஜப்பானிலிருந்து அலாஸ்கா வரை உடன்போன அமெரிக்கப் பத்திரிகையாளர் பாய் டி மென்டே, 'ஒருமுறை முட்டாள்' என்று பொருள்படும் தலைப்பில் தனிப் புத்தகமே எழுதினார். அதே கூண்டு, அதே கடல். சில மாதத் தோழருக்குத் தன் பங்கைச் சொல்லும் குரல் வாய்த்திருக்கிறது. மனைவியின் பங்கு கணவரின் நூலுக்குள்ளேயே அடங்கிவிட்டது. எனக்கு இது தற்செயலாகப் படவில்லை. தோழர் வண்டியில் ஏறியவர். மனைவி வண்டியின் பகுதியாக எண்ணப்பட்டவர்.

1958 மே மாதம் மான்ட்ரியலில் சுற்று நிறைந்தது. நீரில் சுமார் 17,780 கிலோமீட்டர், நிலத்தில் 62,000 கிலோமீட்டருக்கு மேல். நிலநீர் வண்டியில் உலகைச் சுற்றியவர் என்ற பெயர் கார்லினுக்கு நின்றது. 1981இல் அவர் இறந்தார். மீதிக் கதை 1989இல் நூலானது. வண்டி இப்போது மேற்கு ஆஸ்திரேலியாவில், அவர் படித்த பள்ளியில் கண்ணாடிக்குள் நிற்கிறது. அவர் படித்த காலத்தில் அது ஆண்பிள்ளைகளுக்கான பள்ளி.

இன்றும் ஜீப் வகை வண்டிகளுக்குள் படுக்கையும் அடுப்பும் பொருத்தி வாழக் கிளம்புகிறவர்கள் உண்டு. அவர்கள் அதைச் சுதந்திரம் என்கிறார்கள். இருக்கலாம். யாருடைய சுதந்திரம் என்பதையும் சேர்த்துக் கேட்போம். 'விடு' என்பது நீண்டுதான் 'வீடு' ஆனது என்று இலக்கண வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். உறைவிடமும் அதுவே, விடுதலையும் அதுவே. கார்லின் வண்டியை வீடாக்கிக்கொண்டார். எலினோருக்கு அந்தச் சொல்லின் மற்ற அர்த்தம் கல்கத்தாவில்தான் கிடைத்தது.